பழைய ஷில்லிங்கின் கனம்

1776இல் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டன் எழுதிய கடிதம் ஒன்றில் பெருமிதம் பொங்குகிறது. இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன் தங்களுக்குக் குடைந்து தந்த நீராவி இன்ஜின் சிலிண்டர்களில் பிழை இல்லை என்றே சொல்லலாம். 50 அங்குல விட்டமுள்ள பெரிய சிலிண்டர்கூட எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங்கின் கனத்துக்கு மேல் பிசகவில்லை என்கிறார். பல கைகளில் புழங்கித் தேய்ந்த வெள்ளிக்காசு அது. ஒரு மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்ற கேள்விக்குக் காசை அளவுகோலாக வைத்துப் பதில் சொன்ன காலம். வேறு நல்ல அளவுகோல் அன்றைய இரும்புப் பட்டறையில் கிடையாது.

அந்தப் பெருமிதத்துக்குப் பின்னால் பத்து வருட அவஸ்தை இருந்தது. தாமஸ் நியூகொமனின் இன்ஜின் 1712 முதலே சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அதன் சிலிண்டர் கோணலாக இருந்தாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிஸ்டனைச் சுற்றித் தோலைக் கட்டி, மேலே கொஞ்சம் தண்ணீரை ஊற்றி நிறுத்திவிட்டால் இடைவெளி அடைபட்டுவிடும். போல்ட்டனின் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு அப்படிச் செய்ய வழியில்லை. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும், நீராவி வேறொரு கலத்தில் குளிர வேண்டும் என்பதுதான் 1769இல் அவர் காப்புரிமை பெற்ற யோசனை. மேலே தண்ணீர் ஊற்றினால் அந்த யோசனையே பாழ். ஆகவே சணல், எண்ணெயில் ஊறிய துணி, தக்கை, காகிதக் கூழ், பழைய தொப்பி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பிஸ்டனைச் சுற்றித் திணித்துப் பார்த்தார். குதிரைச் சாணம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. எதுவும் நிற்கவில்லை. நீராவி ஒழுகிக்கொண்டே இருந்தது.

குறை திணித்த பேக்கிங்கில் இல்லை, சிலிண்டரில் இருந்தது. அக்காலக் குடைவு இயந்திரத்தில் வெட்டும் தலை நீண்ட தண்டின் ஒரு முனையில் தொங்கும். ஜான் ஸ்மீட்டன் கேரன் இரும்பாலையில் அமைத்த மேம்பட்ட இயந்திரத்தில்கூட அது சிலிண்டருக்குள்ளேயே உருளும் சிறு வண்டியின் மீது சாய்ந்திருந்தது. வார்ப்பு எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே வெட்டும் தலையும் வளைந்து போகும். குடைந்து முடித்தால் உள்சுவர் பளபளக்கும், கோணல் மட்டும் அப்படியே இருக்கும். பீரங்கி குடைவதற்கு 1774இல் காப்புரிமை பெற்றிருந்த வில்கின்சன், அடுத்த ஆண்டு சிலிண்டருக்கென்றே ஓர் இயந்திரம் கட்டினார். தண்டு சிலிண்டரின் ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் வெளியே வந்து, இரு முனைகளிலும் தாங்கிகளில் உட்கார்ந்தது. வார்ப்பின் கோணலுக்கு இனி வெட்டும் தலை தலையாட்ட வேண்டியதில்லை. 1776 மார்ச்சில் டிப்டன் அருகே புளூம்ஃபீல்ட் சுரங்கத்தில் வாட்டின் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

50 அங்குலம் என்றால் 1,270 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகு என்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய 66 மி.மீ. சிலிண்டர் ஒன்றில் பிஸ்டனுக்கு விடும் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். வேறுபாடு என்னவென்றால் வில்கின்சனிடம் அது தவிர்க்க முடியாமல் வந்த பிழை. இன்று கணக்குப் பார்த்து வேண்டுமென்றே விடும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவே கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில்தான் இன்ஜின் கட்டும் தொழில் வளர்ந்தது.

வில்கின்சனுக்குப் பிறகும் பேக்கிங் போய்விடவில்லை. போல்ட்டன், வாட் கம்பெனியின் இன்ஜின்களில் கொழுப்பில் ஊறிய சணல் புரிதான் பிஸ்டனைச் சுற்றி இருந்தது. அது நைந்து போகும், சுருங்கும், இறுக்க வேண்டும், மாற்ற வேண்டும். 1797இல் எட்மண்ட் கார்ட்ரைட் உலோகத்தாலேயே பேக்கிங் செய்யும் யோசனையைக் கொண்டுவந்தார். ஆனால் இன்று ஒவ்வொரு இன்ஜினிலும் இருக்கும் வடிவத்தைத் தந்தவர் ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம். பிஸ்டனில் காடி வெட்டி, ஓரிடத்தில் பிளவுபட்ட உலோக வளையத்தை அதில் உட்கார வைத்தார், 1852இல். சிலிண்டர் விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வளைத்த வளையம், உள்ளே அமுக்கியதும் தன் விறைப்பாலேயே சுவரைத் தள்ளிப் பிடிக்கும். சணலின் வேலையை உலோகம் எடுத்துக்கொண்டது. உடனே ஒரு புதுத் தொல்லையும் கூடவே வந்தது: பிளவின் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு விட வேண்டும்? அதிகம் விட்டால் ஒழுகும். விடாவிட்டால் சூட்டில் நீண்டு முனைகள் மோதி, வளையம் சுவரைக் கீறும், இல்லை உடையும். ஓர் அங்குல விட்டத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது இன்றும் பட்டறைகளில் சொல்லும் கணக்கு. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் லேத் பட்டறையில் ‘தௌ’ என்கிறார்கள்.

ஆயிரத்தில் நான்கை அளக்கக் காசு போதாது.

அளக்கும் கருவி அதற்கு முன்பே பிறந்திருந்தது, ஆனால் ஒரு சிலரின் மேசையில்தான் இருந்தது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1805 வாக்கில் செய்த திருகு அளவி அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டியது. பட்டறையில் அளவுச் சண்டை வந்தால் இறுதித் தீர்ப்பு அதனுடையது என்பதால் அதற்கு ‘லார்ட் சான்சலர்’ என்று நீதித்துறைத் தலைவரின் பட்டப்பெயரே வைத்தார்கள். பாரிசில் ஜான் லோரான் பால்மர் 1848இல் கையில் பிடிக்கும் திருகு அளவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் போன அமெரிக்கர்கள் ஜோசப் பிரவுனும் லூசியன் ஷார்ப்பும் அதைக் கண்டு ஊருக்குக் கொண்டுபோய், மைக்ரோமீட்டரைச் சாதாரணத் தொழிலாளியின் சட்டைப்பைக்குள் போய்ச் சேரும் பொருளாக்கினார்கள். அந்த பிரவுன் & ஷார்ப் ஆலையில் வேலை பழகியவர் ஹென்றி லேலண்ட். பின்னாளில் டெட்ராய்ட்டில் கேடிலாக் கம்பெனியை நடத்தியவர்.

கேடிலாக் 1908இல் இங்கிலாந்தில் நடத்திக்காட்டிய சோதனையை இன்ஜின் தொழிலின் வரலாற்றில் ஒரு திருப்பம் என்று தயங்காமல் சொல்லலாம். லண்டன் விற்பனையாளர் பிரெடரிக் பென்னெட்டின் இருப்பிலிருந்து மூன்று ஒற்றை சிலிண்டர் கார்களை ராயல் ஆட்டோமொபைல் கிளப் எடுத்துக்கொண்டது. புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்றையும் ஒரு திருகாணி விடாமல் பிரித்தார்கள். பாகங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடை அலமாரியிலிருந்த புதிய பாகங்களை அந்த இடத்தில் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகளின் கையில் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். அரம் கிடையாது. அன்றைய ஐரோப்பாவில் கார் கட்டுவது என்றால் அரமும் கையுமாக நிற்பதுதான். இந்த பிஸ்டன் இந்த சிலிண்டருக்கு என்று ராவி ராவிப் பொருத்துவார்கள், வேறொன்றில் அது நுழையாது. கேடிலாக்கில் எந்த பிஸ்டனும் எந்த சிலிண்டரிலும் உட்கார்ந்தது. மூன்று கார்களும் கிளம்பி 500 மைல் ஓடின. அந்த ஆண்டின் டூவர் கோப்பை லேலண்டுக்குப் போனது.

பழைய இன்ஜினைப் புதுப்பிக்கும் தொழிலே இந்தச் சோதனையின் மேல்தான் நிற்கிறது. அளவு எண்ணாக மாறிவிட்ட பிறகுதான் ஓர் ஊரில் தேய்ந்த சிலிண்டருக்கு இன்னோர் ஊரில் செய்த பிஸ்டன் தபாலில் வர முடியும்.

அதே 1908இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. அதன் இன்ஜினில் ஒரு துணிச்சல்: மேல்மூடியைக் கழற்ற முடியும். அதுவரை பல இன்ஜின்களில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. வெடிப்பின் அழுத்தமும் சூடும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் ஓர் இணைப்பை வைத்து, அது ஒழுகாமல் நிற்கும் என்று நம்புவதற்கு யாரும் துணியவில்லை. ஃபோர்ட் துணிந்தார். இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே அஸ்பெஸ்டாஸ் வைத்த ஹெட் கேஸ்கெட் அந்தத் துணிச்சலுக்குத் துணை நின்றது. கேஸ்கெட் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. சிகாகோவில் 1918இல் ஃபெல்ட் வாஷர்களோடு தொடங்கிய ஃபெல்-ப்ரோ போன்ற கம்பெனிகள் மாடல் டி ஓட்டுநர்களை நம்பித்தான் கடை விரித்தன.

எல்லோரும் ஃபோர்டைப் பின்பற்றவில்லை. ஆங்கிலேயர் டபிள்யூ.ஓ. பென்ட்லி தன் பெயர் தாங்கிய கார்களில் ஹெட்டைச் சிலிண்டரோடு சேர்த்தே வார்த்தார். கேஸ்கெட்டே இல்லையென்றால் கேஸ்கெட் எப்படிப் போகும் என்ற பிடிவாதம். வால்வைச் சுத்தம் செய்ய இன்ஜினையே அக்கக்காகப் பிரிக்க வேண்டியிருந்த மெக்கானிக்குகள் அவரை என்ன சொல்லித் திட்டினார்களோ. வேடிக்கை என்னவென்றால், பிஸ்டன் இடைவெளியை உலகத்துக்கே தலைவலியாக்கியவரும் அதே பென்ட்லிதான். 1913இல் பிரான்சின் டி.எஃப்.பி. கார் ஆலைக்குப் போனபோது, மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த அலுமினிய பிஸ்டன் பொம்மை ஒன்று அவர் கண்ணில் பட்டது. இதையே ஏன் நிஜ பிஸ்டனாகப் போடக் கூடாது என்று கேட்டார். அலுமினியத்தில் 12 விழுக்காடு செம்பு கலந்து வார்த்தார். கார் வேகம் எடுத்தது. முதல் உலகப் போரில் அந்த யோசனை விமான இன்ஜின்களுக்கும் போனது.

அலுமினியம் எடை குறைவு, சூட்டை வேகமாகக் கடத்தும். ஆனால் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 66 மி.மீ. அலுமினிய பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.14 மி.மீ. பருக்கும், அதே சூட்டில் இரும்புச் சிலிண்டர் 0.07 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். அதிலும் பிஸ்டன்தான் எப்போதும் கூடுதலாகச் சூடாக இருக்கும். குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கும் பிஸ்டன் ஓடும்போது பிடித்துக்கொள்ளும். ஓடும்போது சரியாக இருக்கட்டும் என்று இடைவெளியைக் கூட்டினால், காலையில் கிளப்பும்போது ‘லொடக் லொடக்’ என்று சுவரில் அடிக்கும். 1920களில் இந்தச் சத்தத்தை ஒழிக்கவே பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ‘பாவாடை’யைப் பிளந்து பார்த்தார்கள். சூட்டில் அநேகமாக விரியாத ‘இன்வார்’ என்னும் உலோகக் கலவைத் தகட்டை நடுவே பதித்தார்கள். அலுமினியத்தில் சிலிக்கனைக் கூட்டினார்கள். கடைசியில் நிலைத்தது வடிவத்தை மாற்றும் வழி: பார்வைக்கு உருளையாகத் தெரியும் பிஸ்டன் உண்மையில் உருளை இல்லை. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் ‘பின்’ நுழையும் திசையில் உலோகம் அதிகம், அங்கே விரிவும் அதிகம் என்பதால் அந்தத் திசையில் ஒடுங்கிய முட்டை வடிவம்; தலைப்பக்கம் சூடு அதிகம் என்பதால் மேலே குறுகி, கீழே அகன்ற வடிவம். சூடேறினால்தான் அது வட்டமாகும்.

ஆகவே பிஸ்டனை எங்கே அளப்பது என்பதே ஒரு கேள்வியாகிவிட்டது. தலையில் அளந்தால் ஓர் எண், பின் திசையில் அளந்தால் இன்னோர் எண். பாவாடையின் அடியிலிருந்து தயாரிப்பாளர் குறித்த உயரத்தில், பின்னுக்குச் செங்குத்தான திசையில் அளப்பது மட்டுமே கணக்கில் சேரும்.

எந்த வெப்பத்தில் அளப்பது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கி ஆலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் எஃகு அளவுக்கட்டைகளைக் கண்டுபிடித்தார். 1923இல் அவரை ஃபோர்டே தன்னிடம் சேர்த்துக்கொண்டது. அவர் தன் கட்டைகளுக்கு எடுத்துக்கொண்ட 20 டிகிரி செல்சியஸ்தான் 1931இல் உலக அளவில் ஏற்கப்பட்டு, இன்றுவரை நீளத்தை அளப்பதற்கான அடிப்படை வெப்பநிலை. சென்னைப் பட்டறையில் மே மாதம் 35 டிகிரி. அந்தப் பதினைந்து டிகிரியில் 66 மி.மீ. பிஸ்டன் 0.02 மி.மீ. பருக்கிறது, சிலிண்டர் 0.01 மி.மீ. விரிகிறது. விட வேண்டிய இடைவெளியே 0.06 மி.மீ. என்னும்போது, அதில் ஆறில் ஒரு பங்கை வெயிலே தின்றுவிடுகிறது. பிஸ்டனைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு அளந்தால் அந்தக் கணக்கும் தப்பு. இரண்டையும் ஒரே மேசையில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் காலையில் அளப்பது சோம்பேறித்தனம் போலத் தெரியும். அதுதான் சரியான முறை.

கேஸ்கெட்டின் கதை இவ்வளவு சுத்தமானதில்லை. ஆஸ்திரியர் ரிச்சர்ட் கிளிங்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஸ்பெஸ்டாஸ் இழையை ரப்பரோடு அழுத்தித் தகடாக்கினார். வெந்நீர், எண்ணெய், நீராவி எதற்கும் அசையாத தகடு. அவர் பெயரிலேயே ‘கிளிங்கரைட்’ என்று உலகெங்கும் போனது. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலும் அதே பெயர்தான். தகட்டை இன்ஜின் முகத்தின் மேல் வைத்து, உருண்டைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போனால் வேண்டிய வடிவம் தானாக அறுந்து வரும். அழகான கைவேலை. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி ஊதித் தள்ளுவது அதைவிட எளிது. அந்தத் தூசிதான் நஞ்சு.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் நுரையீரல் இறுகி இறந்தார். அஸ்பெஸ்டாஸால் நேர்ந்த சாவு என்று மருத்துவ இதழில் முதன்முதலாக எழுதப்பட்டது அவருடையது. அதன்பின் 75 ஆண்டுகள் கழித்து, 1999இல்தான் பிரிட்டன் வெள்ளை அஸ்பெஸ்டாஸையும் தடைசெய்தது. அமெரிக்காவில் 1989இல் வந்த தடையை 1991இல் நீதிமன்றம் பெரும்பாலும் ரத்துசெய்தது. 2024 மார்ச்சில்தான் கேஸ்கெட் தகடுகள் உட்பட வெள்ளை அஸ்பெஸ்டாஸைப் படிப்படியாக நிறுத்தும் ஆணை பிறந்தது. இந்தியாவில் இன்றும் அதற்கு முழுத் தடை இல்லை. நோயை அறிந்த நாளுக்கும் சட்டம் வந்த நாளுக்கும் நடுவே எத்தனை மெக்கானிக்குகள் எத்தனை கேஸ்கெட்டுகளைச் சுரண்டியிருப்பார்கள் என்று யாரும் எண்ணிவைக்கவில்லை.

அஸ்பெஸ்டாஸ் போன இடத்தில் ஜப்பானியத் தொழிலகங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டைக் கொண்டுவந்தன. மெல்லிய வில் எஃகுத் தகடுகள் இரண்டு மூன்று, ஓரத்தில் சின்ன மேடு, மேலே ரப்பர் பூச்சு. நசுங்காது, கொஞ்சமாக அமுங்கித் திரும்ப எழும்பும். அதன் கனம் பல ஆண்டுகள் ஓடினாலும் மாறாது. சணல் புரியின் வேலை கோணலை மறைப்பது. எஃகு கேஸ்கெட் கோணலை மறைக்க மறுக்கிறது. இரு முகங்களும் கண்ணாடிபோல் மழமழவென்று இருந்தால்தான் உட்காரும். தச்சனின் தப்பை மறைக்க வந்த மக்கு கடைசியில் தச்சனுக்கே ரசமட்டம் பிடித்த மாதிரி ஆயிற்று. பேக்கிங்கே ஓர் அளவாக மாறிய இந்தத் திருப்பத்தை ரொம்பவும் பயன்படுத்திக்கொண்டவர்கள் பந்தயக்காரர்களும், அவர்களைப் பார்த்து ஆசைப்பட்ட, ஏ.டி.வி. எனப்படும் கரடுமுரடு நிலத்து வண்டிகளின் பிரியர்களும்.

அந்த ஆசைக்கு முன்பே வழி போட்டது கிழக்கு ஜெர்மனி. ட்ஸ்சோப்பாவ் நகரின் எம்.இசட். ஆலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், கையில் பணமோ நல்ல உலோகமோ இல்லாமல், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார். புகைக்குழாயின் வடிவம், சுழல்தட்டு வால்வு, சிலிண்டர் சுவரில் கூடுதல் வாயில் (போர்ட்) ஆகியவற்றோடு அவர் பிடித்துக்கொண்ட இன்னொன்று, பிஸ்டன் மேலே வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே எஞ்சும் சந்து. ‘ஸ்க்விஷ்’ என்பார்கள். அந்தச் சந்து ஒடுக்கமாக இருந்தால் ஓரத்தில் கிடக்கும் கலவை நடுவே பீய்ச்சப்பட்டு ஒரே சீராக எரியும். சந்து அகலமானால் ஓரத்துக் கலவை தன்னிச்சையாக வெடித்து, அந்த அடியில் பிஸ்டன் விளிம்பே கரையும். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறனைத் தொட்டது: லிட்டருக்கு 200. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்கு வந்த எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் காரின் சாமான் பெட்டிக்குள் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். டெக்னர் சுசுகிக்குப் போனார். தலையில் இருந்த ரகசியங்களும் கூடவே போயின. 1962இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. பட்டம் டெக்னருடையது. இரும்புத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மில்லிமீட்டர் சந்தின் சூட்சுமம் இப்படித்தான் சுசுகியின் ஹமாமட்சு போய்ச் சேர்ந்தது.

ஏ.டி.வி. பிறந்தது வேறு காரணத்துக்காக. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் ஈயோட்டிய அமெரிக்க விற்பனையாளர்கள், வேறு ஏதாவது கொடுங்கள் என்று ஹோண்டாவைக் கேட்டார்கள். ஒசாமு டாகேயுச்சி என்ற பொறியாளர் பலவித வடிவங்களைச் சோதித்து, ஊதிய டயர்கள் மூன்று கொண்ட வண்டியை முடிவுசெய்தார். 1970இல் வந்த அந்த யு.எஸ்.90இல் சாதுவான 89 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக். பத்தே ஆண்டில் சாது முரடானது. சுசுகி 1982இல் நாலு சக்கரம் பொருத்தியது. 1986இல் ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ்.250ஆர்: 66 மி.மீ. விட்டம், 72 மி.மீ. வீச்சு, தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக். 1987இல் யமஹா பான்ஷீ: 64 மி.மீ. விட்டம், 54 மி.மீ. வீச்சு, இரட்டை சிலிண்டர், 347 சிசி.

விபத்துகள் பெருகின. 1988இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் மூன்று சக்கர வண்டிகளை நிறுத்தின. மறு ஆண்டோடு 250ஆரும் நின்றுபோனது. பான்ஷீ அமெரிக்காவில் 2006 வரை தாக்குப்பிடித்தது. புதிது இல்லை என்று ஆனதும் பழையதன் மதிப்பு ஏறியது. ஒஹையோவில் கிளைட் வைஸ்மன் 1941இல் படகுப் பந்தயத்துக்காகத் தன் கராஜில் தொடங்கிய வைஸ்கோ போன்ற பிஸ்டன் கம்பெனிகளும், அதே மாநிலத்தின் கோமெட்டிக் போன்ற கேஸ்கெட் கம்பெனிகளும் இந்த வண்டிகளை உயிரோடு வைத்திருக்கின்றன.

ஒரு 250ஆர் இன்ஜினைக் கட்டும் மேசையில் நடப்பதைப் பார்த்தால், மேலே சொன்ன வரலாறு முழுவதும் அங்கே வரிசையில் நிற்கும். முதலில் பால்மரின் வாரிசான மைக்ரோமீட்டர் பிஸ்டனை அளக்கிறது. அதே மைக்ரோமீட்டரில் டயல் கேஜைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, சிலிண்டருக்குள் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், உயரத்துக்கு இரண்டு திசையாக ஆறு இடங்களில் அளக்கிறார்கள். வித்தியாசம் ஒரு தௌவைத் தாண்டினால் போர் பண்ண, அதாவது குடைந்து பெரிதாக்க வேண்டியதுதான். அடுத்த பிஸ்டன் கால் மில்லிமீட்டர் பெரிது. வார்ப்பு பிஸ்டனுக்கு 0.05, 0.06 மி.மீ. விட்டால் போதும். அழுத்தி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் கூடுதலாக விரியும், அதற்கு 0.08 வரை கேட்பார்கள். கம்பெனி தாளில் எழுதியிருப்பதே வேதம். குறைத்துவிட்டால் தண்டனை உடனே கிடைக்கும்: குளிர்ந்த தண்ணீர் சுற்றும் சிலிண்டர் விரியும் முன்பே பிஸ்டன் விரிந்து, பாவாடையில் நாலு மூலையிலும் நெடுக்குக் கோடுகள் விழும். அந்த நாலு கோட்டைப் பார்த்தால் வேறு விசாரணை தேவையில்லை.

அடுத்தது ஸ்க்விஷ். இங்கே கருவி ஒரு ஈயக்கம்பி, ரேடியோ ரிப்பேர் கடையில் சால்டர் வைக்கும் அதே கம்பி. பிளக் துளை வழியாக விட்டு, சுவரைத் தொடும்படி வளைத்து, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். பிஸ்டன் மேலே வந்து கம்பியை நசுக்கும். நசுங்கிய முனையின் கனம்தான் சந்தின் அளவு. பின் இருக்கும் திசையில் இரு பக்கமும் பார்க்க வேண்டும். மற்றத் திசையில் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். 250 சிசி இன்ஜினில் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி வந்தால் நிம்மதி. வேகத்தில் கனெக்டிங் ராடு இம்மியளவு நீளும் என்பதால் அதைவிட ரொம்பக் குறைத்தால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும்.

கூடுதலோ குறைவோ, சரிசெய்ய எடுப்பது கேஸ்கெட்டைத்தான். சிலிண்டரின் அடியில் போடும் பேஸ் கேஸ்கெட் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் எனப் பல கனங்களில் கிடைக்கிறது. கால் மில்லிமீட்டர் மாற்றினால் எரியறையின் கொள்ளளவு 0.85 சிசி மாறும். இருபது சிசி அளவுக்கே தேறும் அறையில் அது சின்ன விஷயமில்லை. அடியில் கனத்தைக் கூட்டினால் போர்ட்டுகளும் உயர்ந்து திறக்கும் நேரமே மாறுவதால், பலர் அடியைத் தொடாமல் ஹெட்டில்தான் கைவைப்பார்கள். ஹெட் கேஸ்கெட்டின் துளை சிலிண்டர் விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதும் கட்டாயம். பெரிய பிஸ்டன் போட்டுவிட்டுப் பழைய அளவு கேஸ்கெட்டைப் போட்டால், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு தணல்போல் பழுத்து, பிளக் பொறி விடும் முன்பே கலவையைக் கொளுத்திவிடும். புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் ஏ.டி.வி.களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள தூரமும் இந்தக் கேஸ்கெட்டின் கையில்தான். அதை அளக்கப் பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுற்றுகிறார்கள். அவற்றில் பலவற்றின் சிலிண்டர் சுவரில் இருப்பதோ நிக்கல் பூச்சு, போர் பண்ணினால் மறுபடி பூச வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது தூர தேசத்துக் கதையில்லை. பான்ஷீயின் 64-க்கு 54 என்ற அளவு யமஹா ஆர்.டி.350 குடும்பத்தின் அளவு. அந்தக் குடும்பத்தின் காற்றில் குளிரும் அண்ணனைத்தான் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983 முதல் ராஜ்தூத் 350 என்று விற்றது. சோழவரம் ஓடுதளத்தில் அதன் அலறலைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னை செம்பியத்தில் 1949 முதல் இண்டியா பிஸ்டன்ஸ் ஆலை இயங்குவதால், தௌ கணக்கு வடசென்னைக்குப் புதிதும் அல்ல.

வீட்டில் ஓர் ஆர்.டி. வைத்திருப்பவர் அதன் இன்ஜினைக் கட்டக் கொடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் போர் பண்ணிவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடாதீர்கள். பிஸ்டனை வாங்கி, பட்டறையில் கொடுத்து, அந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் குடையச் சொல்லுங்கள். ஒரே பெட்டியில் வரும் இரண்டு பிஸ்டன்களே சில சமயம் அளவில் மாறும். வேலை முடிந்ததும் பிஸ்டன் அளவு, போர் அளவு, ஈயக்கம்பியில் வந்த ஸ்க்விஷ், போட்ட கேஸ்கெட்டின் கனம் நான்கையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் முன் அதை ஈரப்படுத்தச் சொல்லவும் மறக்காதீர்கள்.